சாக்கடையில் ஒரு பந்திகொக்கு

(நகரத்து நாட்டார் கதைகள் பற்றிய ஒருநாள் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து பேசிய தோழர்கள் முனி, காட்டேரி, ஏரிக்கரை ஆலமரத்துப் பேய் என்று நிறையச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. எனக்கு ஏரியும் கிடையாது, ஆலமரமும் கிடையாது. நான் பிறந்தது சென்னையில், ஓட்டேரி நல்லா ஓரத்தில். இந்த நல்லாவுக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை. ஓடைக்கு இந்தியில் சொல்கிற நாலா என்ற வார்த்தையை வெள்ளைக்காரன் தன் வாய்க்கு வந்தபடி எழுதிவைத்தது. ஓடையாக இருந்தது எப்போதோ. நான் பார்த்தது சாக்கடையைத்தான். எங்கள் நாட்டார் கதையெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

ஆகவே நான் சாக்கடையில் வாழ்கிற ஒரு பிராணியைப் பற்றிப் பேசப் போகிறேன். அப்படி ஒரு பிராணி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் எழுந்து பகுத்தறிவு பேச வேண்டாம்.

எங்க வீட்டில் தெலுங்கு பேசுவோம். சில தலைமுறைக்கு முன்னால் நெல்லூர்ப் பக்கமிருந்து நகரசுத்தி வேலைக்கென்று வந்த குடும்பம். அப்பாவை நைனா என்போம். அவரும் எங்களைச் செல்லமாக நைனா என்றுதான் கூப்பிடுவார். நைனாவுக்குப் பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்கிற வேலை. நிரந்தரமெல்லாம் இல்லை. கான்ட்ராக்டர் ஆள் அனுப்பினால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் வரமாட்டார். தெருவிலேயே குந்திக்கொள்வார், அம்மா நாலு குடம் தண்ணி ஊற்றுவாள். சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் நகக்கண்ணில் ஒரு கறுப்பு இருக்கும். அது மட்டும் கடைசிவரை போகவே இல்லை.

ராத்திரியில் அவர் சொன்ன கதைதான் இது. "மூடி தெறந்திருந்தா கிட்டப் போவாதீங்கடா. உள்ள ஒரு பந்திகொக்கு இருக்குது."

தமிழ்க் காதுக்கு இது பந்தியில் உட்கார்ந்த கொக்கு மாதிரிக் கேட்கும். (நம்மை எந்தப் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்பது வேறு கதை.) தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. பந்திகொக்கு என்றால் பன்றி மாதிரி இருக்கிற பெரிய எலி. தமிழில் பெருச்சாளி என்கிறோமே, அதுதான். பிள்ளையாரைச் சுமக்கிறதால் தமிழில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. எங்க வீட்டில் மரியாதை இல்லை, பயம்தான். ஏனென்றால் நைனா சொன்ன பந்திகொக்கு ஒரு கன்னுக்குட்டி அளவு இருக்கும். அதுக்குக் கண்ணு கிடையாது. இருட்டிலேயே பொறந்து இருட்டிலேயே வளர்ந்ததுக்குக் கண்ணு எதுக்கு? காலடிச் சத்தம் கேக்காது. தண்ணிக்குள்ள வரும், ஆனா தண்ணி அசையாது. முழுசா பாத்தவன் ஒருத்தனும் கிடையாது. பாத்தவன் திரும்பி வந்து சொன்னது கிடையாது. வர்றதுக்கு முன்னால ஒரு நாத்தம் வரும். அந்த நாத்தம் சட்டுனு நின்னுபோச்சுன்னா, அது பக்கத்துல வந்துடுச்சுன்னு அர்த்தம். ஒருத்தனைப் புடிச்சா விடாது. அவனைத் தூக்க எறங்கறவனையும் சேத்துப் புடிக்கும்.

இந்த அங்க அடையாளங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வருவேன்.

ஒருநாள் நான் கேட்டேன், "நீ தெனம் எறங்கறியே, ஒன்னை ஏன் அது கடிக்கல?" நைனா சிரித்தார். "எம்மேல மனுச வாசனை ஏது நைனா? அது நாத்தந்தான் எம்மேலயும். சொந்தக்காரன்னு நெனச்சிக்கும்."

இதை ஏதோ எங்க வீட்டுக் கதை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, சாக்கடை இருக்கிற பெரிய நகரத்திலெல்லாம் இந்த மாதிரி ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது. நம்ம பந்திகொக்கே கப்பல் ஏறிப் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் பேண்டிகூட் என்று ஒரு வார்த்தை இருக்கிறதல்லவா, அது தெலுங்குப் பந்திகொக்குதான். ஆஸ்திரேலியா போன வெள்ளைக்காரன் அங்கே சம்பந்தமே இல்லாத ஒரு பிராணிக்கும் அதே பேரை வைத்துவிட்டான். நம்மிடம் கடன் வாங்கினதில் இது ஒன்றுதான் திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை.

சென்னைக்கு முதலை. 2015 வெள்ளத்தின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஊருக்குள் நீந்தி வருவதாக ஒரே பேச்சு. செல்போன் செல்போனாகப் போனது. ஒன்றும் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், பெருங்களத்தூர் நெடுங்குன்றம் பக்கம் ராத்திரியில் ஒரு முதலை ரோட்டைக் கடந்து போவதை யாரோ படம் எடுத்தார்கள். அது வதந்தி இல்லை, நிஜ முதலை. அந்தப் பக்கத்து ஏரிகளில் சில முதலைகள் இருக்கின்றன, அவை கூச்ச சுபாவம் உள்ளவை, தொந்தரவு செய்யாதீர்கள் என்று அரசுத் தரப்பிலிருந்து உடனே விளக்கம் வந்தது. இந்த 'உடனே' என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முதலைக் கதையின் பெரியண்ணன் நியூயார்க்கில் இருக்கிறது. அங்கே பணக்கார வீட்டுப் பிள்ளைகள் புளோரிடாவுக்கு விடுமுறை போய் முதலைக் குட்டி வாங்கி வருவார்களாம். வளர ஆரம்பித்ததும் பயந்துபோய்க் கக்கூசில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிடுவார்களாம். அது கீழே போய், எலியைத் தின்று பெருத்து, வெயிலே படாமல் வெளுத்துப்போய், நகரத்துக்கு அடியில் உலாவுகிறதாம். கட்டுக்கதை என்று தள்ளவும் முடியாது. 1935 பிப்ரவரியில், ஹார்லெம் பக்கம் 123-ஆம் தெருவில் சாக்கடை மூடியைத் திறந்து பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த பையன்கள், உள்ளே ஒரு முதலையைப் பார்த்ததாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஏழரை எட்டு அடி நீளம். துணி காயப்போடுகிற கயிற்றைச் சுருக்குப் போட்டு மேலே இழுத்திருக்கிறார்கள். அது கடிக்க வந்ததும் பனி வாருகிற மண்வெட்டியாலேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு விஷயம். ராபர்ட் டேலி என்கிறவர் நியூயார்க்கின் நிலத்தடி உலகம் பற்றி 1959-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் சாக்கடைத் துறையில் மேலதிகாரியாக இருந்த டெட்டி மே என்பவர் சொன்னது வருகிறது. 1930-களில், உள்ளே போய் வருகிற ஆட்கள் முதலை இருக்கிறது என்று வந்து சொல்லியிருக்கிறார்கள். டெட்டி மே என்ன செய்தார் தெரியுமா? முதலையைத் தேடவில்லை. இவனுங்க குடிச்சிட்டு உளர்றானுங்க என்று முடிவுகட்டி, சாராயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஆள் போட்டார். சாராயம் சிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தானே விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். பார்த்தார். முதலை இருந்தது என்றார். அன்றிலிருந்து அது சரித்திரம் ஆகிவிட்டது. கீழே இறங்குகிறவன் சொன்னால் குடிகாரன் பேச்சு, மேலே இருக்கிறவன் ஒரு தடவை எட்டிப் பார்த்துச் சொன்னால் சாட்சி. டெட்டி மே நன்றாகக் கதை விடுகிற ஆள் என்றும் பின்னால் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். அவர் விட்ட கதையிலேயே இந்த இடம் மட்டும் சத்தியமாக உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாரீசிலும் ஒன்று நடந்தது. 1984 மார்ச்சில் பாண்ட் நெஃப் பாலத்துக்குக் கீழே சாக்கடையில் தீயணைப்புக்காரர்கள் ஒரு நைல் முதலைக் குட்டியை உயிரோடு பிடித்தார்கள். எலினோர் என்று பெயர் வைத்து, வான் என்கிற ஊர் மீன் காட்சியகத்தில் தொட்டி கட்டி வளர்த்தார்கள். ரொம்ப வருஷம் இருந்தது. பிழைத்துப் போகட்டும், எனக்கு முதலைமேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் சாக்கடையிலிருந்து தூக்கப்பட்டதற்கு ஒரு பெயர் வைத்தார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம பத்திரிகையில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று வரும். இருவர். அவ்வளவுதான்.

இந்த முதலைக் கதைகள் எல்லாம் மேலே இருக்கிறவர்கள் சொல்கிற கதைகள். மேலேயிருந்து கீழே தள்ளினது திரும்பப் பெருத்து வந்துவிடுமோ என்கிற பயம். தண்ணீர் இழுத்துவிட்டால் போய்விட்டது என்று நினைத்த ஒன்று போகவில்லையோ என்கிற சந்தேகம். கக்கூசில் உட்காரும்போது வருகிற பயம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். கீழே இறங்குகிறவன் சொல்கிற கதை வேறு மாதிரி இருக்கும். அதற்கு லண்டன் போகவேண்டும்.

ஹென்றி மேயூ என்று ஒரு பத்திரிகைக்காரர். லண்டன் ஏழைகளின் பிழைப்பைப் பற்றித் தெருத் தெருவாகப் போய் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி, 1851-இல் புத்தகமாகப் போட்டவர். அதில் டாஷர் என்று ஒரு கூட்டம் வருகிறது. தேம்ஸ் நதியில் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துச் சாக்கடை வாய்க்குள் நுழைந்து, மைல் கணக்கில் உள்ளே நடந்து, சேற்றில் கிடக்கிற காசு, கரண்டி, இரும்பு, எலும்பு எல்லாம் பொறுக்கி வருகிறவர்கள். நெஞ்சில் ஒரு விளக்கு, கையில் ஏழெட்டு அடிக் கழி, அதன் நுனியில் கொத்து மாதிரி ஓர் இரும்பு. தனியாகப் போகமாட்டார்கள், மூன்று நான்கு பேராகத்தான் போவார்கள். தனியாகப் போனவனை எலிகள் சூழ்ந்து எலும்பாக்கிவிடும் என்று பயம்.

இவர்கள் மேயூவிடம் சொன்ன கதை: ஹேம்ஸ்டெட் பக்கம் ஒரு சினைப் பன்றி எப்படியோ சாக்கடைக்குள் போய்விட்டது. உள்ளேயே குட்டி போட்டது. அடித்துக்கொண்டு வருகிற கழிவைத் தின்று குட்டிகள் வளர்ந்தன, அவையும் குட்டி போட்டன. இப்போது பெருங்கூட்டமாகி, கிட்டே போக முடியாத மூர்க்கத்தோடு உள்ளே திரிகின்றன. சரி, அப்படியானால் ஏன் ஒன்றுகூட வெளியே வரவில்லை? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். பன்றி பிடிவாதக்காரப் பிராணி. ஓட்டத்தை எதிர்த்துத்தான் நீந்தும். வெளியே வரும் வழி ஓட்டத்தோடு போனால்தான் இருக்கிறது. அதனால் எவ்வளவு முயன்றாலும் பிறந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடும்.

மேயூவே இதை நம்பவில்லை. ஆனால் நைனாவின் பந்திகொக்கை வைத்துக்கொண்டு படித்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அங்கேயும் பன்றி, இங்கேயும் பன்றியெலி. ஹேம்ஸ்டெட் என்பது லண்டனுக்கு வடக்கே மேட்டில் இருக்கிற இடம், வசதியானவர்கள் குடிபோன இடம். அவர்கள் காலுக்குக் கீழே, உள்ளேயே பிறந்து, உள்ளேயே வளர்ந்து, வெளிச்சமே பார்க்காமல், வழி இருந்தும் வெளியே வர முடியாத ஒரு கூட்டம். பன்றியைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்களா?

இங்கே ஒரு எச்சரிக்கை. ரொம்ப ஒற்றுமை பார்த்துவிடக் கூடாது. டாஷர்கள் நல்ல வருமானம் பார்த்தவர்கள் என்று மேயூ எழுதுகிறார், உடம்பும் திடமாக இருந்தார்களாம். அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது என்று தடை வந்த பிறகும் திருட்டுத்தனமாகப் போனார்கள். அதாவது, போகாதே என்று சொன்னபோது போனார்கள். நைனாவைப் போ என்று சொல்லி இறக்கினார்கள். அவர்கள் பொறுக்கியது அவர்கள் பைக்குப் போனது. நைனா மேலே ஏற்றியது வாளி வாளியாக மற்றவன் பீ. டாஷரின் மகன் டாஷராக வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. வறுமை அங்கேயும் உண்டு, சாதி இங்கேதான் உண்டு.

இப்போது ஒரு சாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. நைனாவோடு ஜோடியாக வேலை செய்தவர், எனக்குச் சித்தப்பா முறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துக்கொண்டு போனார்கள். மூடியைத் திறந்தால் கொஞ்ச நேரம் விடவேண்டும். ஓரத்தில் கரப்பான்பூச்சி ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். கரப்பான் உயிரோடு இருந்தால் மனுசனும் இருக்கலாம். நைனாவுக்கு இருந்த விஞ்ஞானக் கருவி அதுதான். அன்றைக்கு கான்ட்ராக்டரின் ஆள் அவசரப்படுத்தினான். சித்தப்பா இறங்கினார். ஒரு சத்தம் இல்லை. மேலேயிருந்து கூப்பிட்டார்கள், பதில் இல்லை. இன்னொருத்தர் இறங்கினார். அவரும் போனார். மூன்றாவதாக நைனா காலை உள்ளே வைத்துவிட்டார். டீக்கடைக்காரர் ஒருத்தர் ஓடிவந்து பின்னாலேயிருந்து இடுப்பைச் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் யார், பெயர் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. அவர் அன்றைக்குக் கடை போடாமல் இருந்திருந்தால் நான் இங்கே பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்று ராத்திரி நைனா எங்களிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். "பந்திகொக்கு இழுத்துடுச்சு." நாங்கள் நம்பினோம். குடிபோதையில் தவறி விழுந்ததாகத்தான் காகிதத்தில் எழுதினார்கள் என்று பெரியவனான பிறகு தெரிந்துகொண்டேன். குடித்திருந்தார்தான். குடிக்காமல் அதற்குள் எவன் இறங்குவான்? நியூயார்க்கில் டெட்டி மே தன் ஆட்களைப் பற்றி நினைத்ததை நான் படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்த அங்க அடையாளங்களுக்கு வருவோம்.

மலம் அழுகும்போது வருகிற வாயுக்களில் ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு. நிறம் இல்லை, சத்தம் இல்லை. காற்றைவிடக் கனமானது, அதனால் குழியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தண்ணீரை அசைக்காது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்கிற அளவுக்கு ஏறினால், மூக்கு அந்த நாற்றத்தை உணர்வதை நிறுத்திவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம். போகவில்லை, மூக்குதான் செத்துவிட்டது. 500-ஐத் தாண்டினால் சில நிமிஷத்தில் மயக்கம். 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். தூக்கப் போகிறவனும் அதே காற்றைத்தான் இழுப்பான். அதனால்தான் செத்தவர்கள் எண்ணிக்கை இருவர், மூவர் என்றே வருகிறது.

கண்ணு கிடையாது. சத்தம் கிடையாது. தண்ணி அசையாது. முழுசா பாத்தவன் கிடையாது. நாத்தம் நின்னா பக்கத்துல வந்துடுச்சுன்னு அர்த்தம். தூக்க எறங்கறவனையும் சேத்துப் புடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுசன், வேதியியல் புத்தகத்தில் இருக்கிற அத்தனையையும் ஒரு பிராணியாக்கி, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லி வைத்திருக்கிறார். இதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால், எனக்குக் கோபம் வரும்.

புராணத்தில் ஒரு முதலை உண்டு, தெரியும் இல்லையா. யானையின் காலைப் பிடித்துக்கொள்ளும். யானை கூப்பிட்டதும் பெருமாள் கருடன்மேல் ஏறிப் பறந்து வந்து காப்பாற்றுவார். சித்தப்பா காலைப் பிடித்தபோது வந்தது டீக்கடைக்காரர்தான். அவரும் நைனாவைத்தான் காப்பாற்ற முடிந்தது.

அடுத்து, இல்லாத பிராணியைப் பற்றிச் சொல்ல வந்தவன் இருக்கிற ஒரு பிராணியைப் பற்றியும் சொல்லவேண்டும். மனிதர் கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993-இல் சட்டம் போட்டார்கள். அமலுக்கு வர 1997 ஆனது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்கள் 2003-இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாக வந்து என்ன சொல்லின? எங்கள் மாநிலத்தில் அப்படி ஆளே இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. போட்டோ எடுத்துக் காட்டி, ஊர் பேர் சொல்லி, இருக்கிறோம் இருக்கிறோம் என்று நிரூபிக்கவே வருஷக்கணக்கில் ஆனது. 2013-இல் புதுச் சட்டம். 2014 மார்ச்சில் தீர்ப்பு: 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம். 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கினார்கள். அரசே எடுத்த கணக்குகளில், 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் செத்தவர்கள் அதிகமாக இருந்தது நம்ம தமிழ்நாட்டில்தான்.

இவ்வளவுக்கும் பிறகு, 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு பதில் சொல்கிறது: மனிதர் மலம் அள்ளும் வேலையால் இறந்ததாகத் தகவல் எதுவும் இல்லை. எப்படி முடிந்தது? சட்டத்திலேயே ஒரு ஓட்டை. உலர் கழிப்பிடத்தில் அள்ளுகிறவன் ஒரு வகை, சாக்கடையில் இறங்குகிறவன் இன்னொரு வகை. சாக்கடையில் செத்தால் அது 'அபாயகரமான சுத்தப்படுத்துதல்', மலம் அள்ளுதல் இல்லை. செத்தது நிஜம், ஆனால் கேட்ட கேள்விக்குள் அந்தப் பிணம் வரவில்லை.

பெருங்களத்தூர் முதலையை நினைத்துப் பாருங்கள். முதலை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, கூச்சப்படும், தொந்தரவு செய்யாதீர்கள் என்று உடனே பதில். ஆள் இருக்கிறானா என்று கேட்டால் இல்லை. நியூயார்க்கில் சுரங்க ரயில் நிலையத்தில் சாக்கடை மூடியிலிருந்து முதலை எட்டிப் பார்க்கிற மாதிரி வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். சாக்கடை முதலைக்காக பிப்ரவரி 9-ஐ விளையாட்டாகக் கொண்டாடவும் செய்கிறார்கள். இல்லாததுக்குச் சிலை. 2015 வெள்ளத்தில் முதலை வருமோ என்று பயந்தது இந்த நகரம். தண்ணீர் வடிந்ததும் வெளிமாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் துப்புரவுப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்களே, அவர்களை யார் பார்த்தார்கள்? உண்மையில் கண்ணில் படாத பிராணி எது?

எனக்குப் பதினேழு வயசு இருக்கும்போது நைனா கால் முறிந்து படுத்திருந்தார். கான்ட்ராக்டரின் ஆள் வீட்டுக்கு வந்தான். "பையன் வாட்டசாட்டமா இருக்கானே, ஒரே ஒரு நாள் அனுப்பு. கூலி கையில தந்துடறேன்." வீட்டில் அரிசி இல்லை. அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். நான் போகலாம் என்றுதான் இருந்தேன். நைனா படுத்தபடியே சொன்னார், "அவன் வரமாட்டான்யா. அவனுக்கு பந்திகொக்குன்னா பயம்." வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். மீசை முளைச்ச பையனுக்குப் பெருச்சாளின்னா பயமா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். ரொம்ப நாள் என் கூட்டாளிகள் என்னைப் பார்த்தால் எலி மாதிரிக் கத்துவார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. நைனாமேல் கோபமாகக்கூட இருந்தது. அவர் இருபது வருஷமாக எதற்காக அந்தப் பிராணியைத் தீனி போட்டு வளர்த்தார் என்று எனக்குப் புரிய, எனக்கொரு பிள்ளை பிறக்கவேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. 2018-இல் திருவனந்தபுரத்தில் சில இளைஞர்கள் சாக்கடைக்குள் இறங்கி அடைப்பெடுக்கிற ஒரு இயந்திரம் செய்தார்கள். மேலே நிற்கிற ஆள் திரையில் பார்த்துக்கொண்டே இயக்குவார், அதன் கை கால் மட்டும் உள்ளே இறங்கும். பிறகு தமிழ்நாட்டிலும் சில ஊர்களுக்கு வந்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? பேண்டிகூட். நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நைனாவிடம் ஓடினேன். அவருக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். மூக்கில் வாசனையே தெரிவதில்லை, பூவைக் கொடுத்தாலும் சாம்பாரைக் கொடுத்தாலும் ஒன்றுதான். "நைனா, ஒன் பந்திகொக்கு வந்துடுச்சு, இனிமே அதுவே உள்ள போவுமாம்" என்றேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சந்தோஷப்பட்டார், பொய் சொல்லக் கூடாது, கண் கலங்கிவிட்டது. அப்புறம் கேட்டார், "வெளிய வந்தப்புறம் இதை யாரு கழுவறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு ஊருக்குக் கூட்டத்துக்குப் போனபோது, அங்கே அந்த மாதிரி ஒரு இயந்திரம் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்கள். பார்க்கப் போனேன். பக்கத்தில் ஒருத்தர் குந்தியிருந்தார். பெரிய ரோட்டுக்கெல்லாம் இதை எடுத்துப் போவோம், நல்லாத்தான் செய்யுது என்றார். சந்துக்குள்ளே? வண்டி நுழையாதே என்றார். அப்ப சந்துல அடைச்சிக்கிட்டா? அவர் பதில் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தீக்குச்சியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் அதே கறுப்பு.

நேரமாகிவிட்டது என்று தலைமைத் தோழர் இரண்டாவது சீட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்துப் பேசவேண்டியவர்கள் காத்திருக்கிறார்கள். நிறுத்திக்கொள்கிறேன்.